சிவனொளிபாத மலையும் அதற்கேறும் வழிகளும்

இலங்கையின் மத்திய மலைநாட்டின் மேற்கு விளிம்பிலே, அயலிலுள்ள குன்றுகள் யாவும் தாழ்ந்து நிற்க, கூம்பு வடிவாய்த் தனித்து நிமிர்ந்து நிற்பது சிவனொளிபாத மலை. அதன் உச்சியிலுள்ள பாறையிற் காணப்படும் பாதச் சுவட்டைச் சைவர் சிவபெருமானின் திருவடி என்பர். பௌத்தர் அதனைப் புத்தபிரானின் ஸ்ரீ பாதம் என்று வணங்குவர். மலையைச் சமன் தெய்வம் காவல் புரியும் சமனல மலை என்பர். நமது அயலூர்களில் வாழும் முஸ்லிம் சகோதரர் பாவா ஆதம் மலை என்பர். போர்த்துக்கேயர் காலந்தொட்டுக் கிறிஸ்தவருட் சிலர் அச்சுவடு ஆதாமுடையது என்றும், வேறு சிலர் புனித தோமையாருடையது என்றும் கூறி வந்தனர். மிஷன் பாடசாலையிலே பயின்ற என்போன்றோர் புவியியற் படத்தில் ‘ஆதாமின் சிகரம்’ என்று எழுதிப் புள்ளி பெற்றுவிட்டு, வீட்டிலே அதே மலையைச் சிவனொளிபாதம் என்று கேட்டு வளர்ந்தவர்கள்.

ஒரு மலைக்கு இத்தனை பெயர்கள் இருந்தால், ‘அது யாருக்கு உரியது?’ என்னும் வினா எழுவது இயல்பே. இவ்வினாவைச் சிலர் அன்பினால் எழுப்புவர். சிலர் வம்புக்காக எழுப்புவர். பாறையிலுள்ள சுவடு எவருடையது என்பது நம்பிக்கையின் பாற்பட்டது. அதனைச் சரித்திரம் தீர்த்துவைக்க முடியாது. ஆனால் அம்மலைக்கு ஏறும் வழிகளை யார் அமைத்தார்கள், யாருக்காக அமைத்தார்கள், யார் யார் அவ்வழியே நடந்தார்கள் என்பன சரித்திரத்திற்கு எட்டும் விடயங்கள். ஆகவே மலையின் இயல்பையும் அதன் வழிகளையும் பற்றி நமது மன்றத்து இளைஞரும் பெரியோரும் அறிந்திருத்தல் நன்று எனக் கருதி இக்கட்டுரையை எழுதலானேன்.

மலையின் அமைப்பு

சிவனொளிபாத மலையின் உயரம் 7,359 அடி, அதாவது 2,243 மீற்றர். இலங்கையின் அதியுயர்ந்த மலை இதுவன்று. பீதுருதாலகாலை 2,524 மீற்றர் உயரமுடையது. எனினும் பீதுருதாலகாலை மற்ற மலைகளின் நடுவே பரந்து கிடப்பதால் தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு அதன் உயரம் விளங்காது. சிவனொளிபாதமோ மலைநாட்டின் ஓரத்திலே நிற்கின்றது. அதன் தெற்கும் மேற்கும் சப்பிரகமுவாவின் தாழ்நிலத்தை நோக்கிச் செங்குத்தாக இறங்குகின்றன. ஆதலால் மேகமில்லாத நாளிலே மேற்குக் கடலிற் செல்லும் மாலுமிகளுக்கு அது கரையிலிருந்து வெகு தொலைவிலேயே தெரியும். அராபியரும் சீனரும் ஐரோப்பியரும் தத்தம் நூல்களில் இம்மலையை எழுதி வைத்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

மலையின் கற்கள் மிகப் பழையன. உலகிலே உயிரினங்கள் பல்கிப் பெருகுமுன்னரே, ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்தில், பூமியின் ஆழத்திலே வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பாறைகள் அவை. மேலிருந்த மண்ணையும் மென்கல்லையும் மழைநீர் காலங்காலமாய் அரித்துச் செல்ல, வன்கல் எஞ்சிச் சிகரமாயிற்று. அச்சிகரத்தின் தலையிலே மதில் சூழ்ந்த சிறு முற்றம் உண்டு. முற்றத்தின் நடுவிலுள்ள பாறை மேல், ஏறக்குறைய ஆறு அடி நீளமான பாதச் சுவடு இருக்கின்றது. அதன்மேல் இப்பொழுது ஒரு சிறு கட்டடம் எழுப்பப்பட்டுள்ளது.

இம்மலையும் அதன் அயற்காடுகளும் மூன்று பெரிய ஆறுகளுக்கு நீர் கொடுக்கின்றன. மஸ்கெலி ஓயாவும் கெகெல்கமு ஓயாவும் வடமேற்காக ஓடிச் சேர்ந்து களனி கங்கை ஆகின்றன. இரத்தினபுரிப் பக்கத்தில் இறங்கும் நீர் களு கங்கையாய்க் களுத்துறையிற் கடலை அடைகின்றது. தென்கிழக்கில் இறங்கும் நீர் வளவை கங்கையாய் அம்பலாந்தோட்டைக்கு அருகே கடலிற் கலக்கின்றது. இவ்வாற்று நீரே மின்சாரமும் ஆயிற்று. பொறியியலாளர் விமலசுரேந்திரா 1918இல் எடுத்துரைத்த திட்டம் பல தடைகளைத் தாண்டி, 1950இல் லக்சபானா மின்நிலையமாய் நிறைவேறியது. பின்னர் 1965இல் காசல்ரீ நீர்த்தேக்கமும், 1969இல் மவுசாகலை நீர்த்தேக்கமும் எழுந்தன. மவுசாகலையின் நீருக்கடியிலே பழைய மஸ்கெலியாப் பட்டினம் கிடக்கின்றது. கடும் வறட்சியில் நீர் வற்றும்போது அங்கிருந்த கோயில், பள்ளிவாசல், விகாரை ஆகியவற்றின் எச்சங்கள் ஒருங்கே வெளித்தோன்றுவதுண்டு.

காற்றும் மழையும்

நமது சவளக்கடையிலிருந்து அம்மலை கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் அம்மலையின் தொழிலை நாம் ஆண்டுதோறும் உடம்பிலே உணர்கின்றோம். வைகாசி முதல் ஆவணி வரை கல்முனைப் பகுதியில் வீசும் கச்சான் காற்றை அறியாதார் இல்லை. குளத்தை வற்றச் செய்து, புல்லைக் கருக்கி, உதட்டை வெடிக்கச் செய்யும் அக்காற்று எங்கிருந்து வருகின்றது? அது இந்து சமுத்திரத்திலே நீரை முகந்து வந்த தென்மேற்குப் பருவக்காற்றேயாம். மலைநாட்டின் மேற்கு முகத்திலே, சிவனொளிபாதத்தின் சரிவுகளிலும் அதனையொட்டிய மலைகளிலும் அக்காற்று மோதி மேலெழுகின்றது; எழுந்து குளிர்கின்றது; குளிர்ந்து தன் நீரையெல்லாம் அங்கே மழையாகக் கொட்டுகின்றது. மலையைக் கடந்து நமது பக்கம் இறங்கும்போது நீரற்றதாய், இறக்கத்தினாற் சூடேறியதாய் வந்து சேர்கின்றது. அங்கே அட்டைக் காட்டில் அடைமழை பொழியும் நாளிலேதான் இங்கே புழுதி பறக்கின்றது.

ஐப்பசி கார்த்திகையில் இந்நிலை மாறுகின்றது. வாடைக்காற்று வங்காள விரிகுடாவிலிருந்து மழையை நமக்குக் கொண்டுவருகின்றது. கிட்டங்கித் தாம்போதியின் மேல் வெள்ளம் பாய்ந்து போக்குவரத்துத் தடைப்படுவதும் அக்காலத்திலேயே. அம்மழையின் பெரும்பகுதி கிழக்குப் பக்கத்திலேயே விழுந்துவிடுகின்றபடியால், மலையின் மேற்கு முகம் தை மாசியில் ஓரளவு தெளிந்திருக்கும். மார்கழி மாதத்து உந்துவப் போயாவில் தொடங்கி வைகாசி மாதத்து வெசாக் போயாவில் முடிவடையும் யாத்திரைப் பருவம் இக்காரணத்தினாலேயே அமைந்தது. சமயச் சடங்காக நாம் காணும் காலக் கணக்கின் உள்ளே, காற்றையும் மழையையும் கூர்ந்து நோக்கிய முன்னோரின் அறிவு பொதிந்திருக்கின்றது.

குளிரைப் பற்றியும் ஒரு கணக்குச் சொல்லலாம். ஆயிரம் மீற்றர் உயர்ந்தால் வெப்பநிலை ஏறக்குறைய ஆறரைப் பாகை குறையும். எனவே கல்முனைக் கடற்கரையில் 28 பாகை வெப்பம் இருக்கும் வேளையில், சிகரத்தில் 14 பாகை அளவே இருக்கும். விடியற்காலத்தில் காற்றும் பனியும் சேர அது இன்னும் குறையும். வேட்டி சால்வையுடன் மாத்திரம் புறப்படும் நமது பெரியோர் இதனைக் கவனித்தல் வேண்டும்.

பழைய நூல்கள் சொல்வன

தமிழிலே இம்மலையைக் குறிக்கும் பழைய நூல் மணிமேகலை. அது பௌத்த காப்பியம். இலங்கைத் தீவிலுள்ள இம்மலையை அது ‘சமனொளி’ என்று பெயரிட்டழைக்கின்றது. சிங்களத்திலே சமனல, காப்பியத் தமிழிலே சமனொளி, நம் வழக்கிலே சிவனொளி. இப்பெயர்களின் உறவு செவிக்கே புலனாகின்றது. பெயர்கள் ஒன்றையொன்று தழுவி நடந்திருக்கின்றன என்று இதனாற் கொள்ளலாம். மகாவம்சம் இம்மலையைச் சுமனகூடம் என்று கூறி, புத்தபிரான் அங்கே தம் பாதச் சுவட்டை விட்டுச் சென்றார் என்கின்றது. கி. பி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அநுராதபுரத்தில் இரண்டாண்டுகள் தங்கிய சீனத் துறவி பாகியன், மலையுச்சியில் ஒரு பாதச் சுவடு உண்டெனத் தமது நூலிலே குறித்துள்ளார். கி. பி. 851ஆம் ஆண்டளவில் எழுந்த அரபு வணிகர் குறிப்பொன்று, ஆதம் நபியின் சுவடு இம்மலையில் இருப்பதாகச் சொல்கின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, பாறையிலே தொங்கும் இரும்புச் சங்கிலிகளைப் பற்றிக்கொண்டு மக்கள் ஏறினர் என்றும், உச்சியில் இருப்பது ஆதாமின் சமாதி என முஸ்லிம்களும், புத்தரின் நினைவிடம் எனப் பௌத்தரும் கூறினர் என்றும் எழுதினார்.

இவர்கள் எல்லாருக்கும் மேலாக, வழிநடைச் செய்திகளை நமக்கு நிரம்பத் தந்தவர் மொரோக்கோ தேசத்து இபுன் பதூதா. கி. பி. 1344ஆம் ஆண்டு அவர் ஏறிவந்த மரக்கலம் காற்றில் அலைப்புண்டு இலங்கைக் கரையை அடைந்தது. அவர் இறங்கிய பத்தலா என்னும் இடத்தைப் புத்தளம் என ஆராய்ச்சியாளர் கொள்வர். அங்கே அவரை வரவேற்றவர் யாழ்ப்பாண அரசராகிய ஆரியச்சக்கரவர்த்தி. முத்தும் பொருளும் தருவதற்கு அரசர் ஆயத்தமாயிருந்த போதிலும், தாம் இத்தீவுக்கு வந்தது அப்பாதத்தைத் தரிசிப்பதற்கே என்று இபுன் பதூதா கூறினார். உடனே அரசர் ஒரு பல்லக்கையும் அதைத் தூக்குவோரையும் கொடுத்தார். ஆண்டுதோறும் பாத தரிசனத்திற்குச் செல்லும் வழக்கமுடைய யோகிகள் நால்வரையும், பிராமணர் மூவரையும், தம் பரிவாரத்தினர் பதின்மரையும், உணவுப் பொருள் சுமப்போர் பதினைவரையும் கூட அனுப்பினார்.

இச்செய்தியைச் சற்று ஆறுதலாக எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு முஸ்லிம் யாத்திரிகர். அவரை அனுப்பி வைத்தவர் ஒரு சைவத் தமிழ் மன்னர். வழிகாட்டியவர் இந்து யோகிகள். அவர்கள் நடந்தது சிங்கள மன்னரின் நாட்டு வழியே. யோகிகள் ஆண்டுதோறும் சென்றனர் என்பதனால், 1344க்கு முன்னரே இந்துக்களின் யாத்திரை அங்கே நிலைபெற்றிருந்தது என்பதும் ஐயத்திற்கு இடமின்றித் தெளிவாகின்றது. நமது சமயத்தவரின் உரிமைக்குச் சான்று தேடுவோர் அச்சான்றை ஒரு முஸ்லிம் பெரியாரின் ஏட்டிலேயே காண்கின்றனர்!

மலைக்கு இரண்டு வழிகள் உண்டு, ஒன்று பாபா வழி, மற்றது மாமா வழி என்றும் அவர் எழுதினார். பாபா என்றது ஆதம். மாமா என்றது ஹவ்வா. மாமா வழி எளிது. யாத்திரிகர் திரும்பும்போது அவ்வழியே வருவர். ஏறும்போதும் அவ்வழியே சென்றவனை யாத்திரை செய்தவனாகவே மதிக்கமாட்டார்கள். பாபா வழியோ கரடுமுரடானது. அதிற் பத்துச் சங்கிலிகள் இருந்தன. பத்தாவதன் பெயர் கலிமாச் சங்கிலி. அங்கே நின்று கீழே நோக்குபவன் தலைசுற்றி விழுந்துவிடுவோமோ என்று அஞ்சிக் கலிமாவை ஓதுவானாம். அச்சம் வந்தபோது அவரவர் தெய்வத்தை அழைப்பது எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவன்றோ?

வழி அமைத்த மன்னர்

நிற்க, வழிகளை யார் அமைத்தனர் என்பதை நோக்குவோம். சோழராட்சியை 1070இல் முடிவுறுத்திப் பொலன்னறுவையிலிருந்து ஆண்டவன் முதலாம் விசயபாகு. பாத தரிசனத்திற்குச் செல்வோர் கடினமான வழியிலே படும் துன்பத்தைக் கண்டு, அவர்களுக்கு அரிசி முதலியன வழங்குவதற்காகக் கிலிமலை என்னும் பெரிய கிராமத்தை அவன் தானஞ் செய்தான் என்று சூளவம்சம் கூறுகின்றது. அதனுடன் கதலிகாம வழியிலும் ஊவா வழியிலும் அவ்வாறே கிராமங்களைக் கொடுத்தான். கதலிகாமம் என்பது இன்றைய கெகெல்கமுவப் பகுதி. ஆக, தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மூன்று வழிகள் இருந்தன: தெற்கே இரத்தினபுரிப் பக்கம் ஒன்று, வடக்கே அம்பகமுவப் பக்கம் ஒன்று, கிழக்கே ஊவாப் பக்கம் ஒன்று. கீழ்த்திசையிலிருந்து வருவோருக்கு உரியது அந்த ஊவா வழியே என்பது நமக்குச் சிறப்பான செய்தி.

இம்மன்னன் பொறித்த கல்வெட்டு அம்பகமுவவிலே இருக்கின்றது. அதிலே காணப்படும் ஒரு செய்தி நம் இளைஞர் கருத்திற் கொள்ளற்பாலது. மேல் முற்றத்துக்குக் கீழே இன்னொரு முற்றத்தை அமைத்து, தாழ்ந்த சாதியார் என்று அக்காலம் ஒதுக்கிய மக்களும் பாதத்தை வணங்குவதற்கு அவன் வழிசெய்தான். முழுச் சமத்துவம் அதுவன்று, கீழ்ப்படி கீழ்ப்படியே. ஆயினும் கதவை அடைத்து வைப்பதைவிட ஒரு படியாவது திறந்து வைத்தான் அம்மன்னன். இன்றைக்கு அச்சிகரத்திலே கீழ்ச்சாதி முற்றம், மேற்சாதி முற்றம் என்ற பேச்சே இல்லை. எல்லாரும் ஒரே படியில் ஏறி, ஒரே முற்றத்தில் நின்று வணங்குகின்றனர். நம்மூர்க் கோயில்களின் பரிபாலனத்தையும் திருவிழா உரித்துக்களையும் பற்றி வழக்காடுவோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

விசயபாகுவின் பின் நிசங்கமல்லன் (1187–1196) தன் சேனையுடன் மலையேறினான். தம்பதெனியாவில் ஆண்ட இரண்டாம் பராக்கிரமபாகுவின் (1236–1270) அமைச்சரான தேவப்பதிராசர் கம்பளையிலிருந்து மலைவரை வழி திருத்தினார். உலப்பனை, அம்பகமுவ முதலிய இடங்களில் முப்பது முழத்திற்கு மேற்பட்ட நீளமுடைய பாலங்களைக் கட்டினார். வழியிலே தங்குமடங்களை எழுப்பினார். யானையும் பாரமும் கடக்கத்தக்க பாலங்கள் அவை எனச் சூளவம்சம் புகழ்கின்றது.

பதினாறாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. சீதாவாக்கையை ஆண்ட முதலாம் இராசசிங்கன் (1581–1593) சைவனாகி, மலையைச் சைவ ஆண்டிகளின் பொறுப்பில் விட்டான். அதன் பின்னர் கண்டி மன்னன் கீர்த்தி சிறீ இராசசிங்கன் (1747–1782) அப்பொறுப்பைப் பௌத்த பிக்குகளிடம் ஒப்படைத்தான். இவ்விரு நிகழ்ச்சிகளையும் எடுத்துக்கொண்டு, ‘எங்களிடமிருந்து பறித்தார்கள்’ என்று இரு சாராரும் முறையிடுவதுண்டு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டாவது இராசசிங்கன் மதுரை நாயக்கர் உறவில் வந்த அரச குடும்பத்தவன். தாய்மொழி தெலுங்கோ தமிழோ என்னத்தக்க மரபினன். சைவச் சூழலிற் பிறந்தும் பௌத்தத்தை வளர்த்தவன். முதலாமவனோ சிங்கள மன்னன். பௌத்தத்தை விட்டுச் சைவத்தைத் தழுவினான். இதனை இனச் சண்டையாகச் சொல்ல முனைவோரின் கணக்கு இந்த இடத்திலேயே பிழைத்துவிடுகின்றது. பரிபாலனம் கைமாறிய அவ்விரு காலங்களிலும் யாத்திரிகரின் வழி அடைபடவில்லை என்பதே முக்கியமாகும்.

இதனோடு ஒத்த மனப்பான்மைக்குக் காலியிலே 1911இல் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டும் சான்று. சீன அரசரின் தளபதி செங் கோ நாட்டிய, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அக்கல் மூன்று மொழிகளில் அமைந்தது. சீனத்திலே புத்தருக்கும், தமிழிலே தென்திசைத் தேவுந்துறையில் எழுந்தருளிய தென்னாவரை நாயனாருக்கும், பாரசீகத்திலே அல்லாஹ்வுக்கும் காணிக்கை செலுத்திய செய்தி அதிற் பொறிக்கப்பட்டுள்ளது.

தோட்டமும் புகையிரதமும்

ஆங்கிலேயர் கண்டியைக் கைப்பற்றியது 1815இல். அதன்பின் மலையேறி எழுதியவருள் வைத்தியர் யோன் டேவி (1817) குறிப்பிடத்தக்கவர். அக்காலத்தில் யாத்திரிகருட் பெரும்பாலார் இரத்தினபுரி வழியையே நாடினர். வடக்கு வழி இன்று முதன்மை பெற்றதற்குக் காரணம் தோட்டங்களே. டிக்கோயா, மஸ்கெலியாப் பள்ளத்தாக்குகளின் காடுகள் முதலிற் கோப்பிக்காக வெட்டப்பட்டன. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. 1884இல் புகையிரதம் அட்டனை அடைந்தது; 1924இல் பதுளை வரை நீண்டது.

காடு வெட்டியவர், வீதி போட்டவர், தண்டவாளப் பாதைக்கு மண் சுமந்தவர் பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர். வடக்கு வழியின் அடிவாரத்திலுள்ள பட்டினத்தின் பெயர் நல்லதண்ணி. அது தமிழ்ப் பெயரே. இவ்வழியைத் திறந்து கொடுத்த அம்மக்களுட் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராயினர். எஞ்சியோரின் குறை சட்டப்படி நீங்கியது 2003இல். மலையின் சரித்திரத்தை எழுதுவோர் மன்னர் பெயர்களோடு இம்மக்களையும் எழுதுதல் கடன்.

இன்றைய மூன்று வழிகள்

முதலாவது அட்டன் வழி. அட்டனிலிருந்து மஸ்கெலியா ஊடாக நல்லதண்ணிவரை ஏறக்குறைய 33 கிலோமீற்றர் வீதியிற் செல்லலாம். அங்கிருந்து நடை. ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் உயரத்தை ஐயாயிரத்து ஐந்நூறு படிகள் அளவில் ஏறவேண்டும். தேயிலைச் செடிகளின் நடுவே தொடங்கும் பாதை சீதகங்குல என்னும் குளிர்ந்த நீரோடையைக் கடக்கின்றது. யாத்திரிகர் அங்கே நீராடியோ முகங் கழுவியோ செல்வர். அதற்கு மேலே இந்திகட்டுபான என்ற இடத்தில், புத்தபிரான் தம் சீவரத்தைத் தைத்தார் என்ற ஐதிகத்தை ஒட்டி, முதன்முறை செல்வோர் ஊசியில் நூல் கோத்து இடுவர். கடைசிப் பகுதி மிகச் செங்குத்தானது, கைப்பிடிகள் உண்டு. திடகாத்திரமான இளைஞன் மூன்று நான்கு மணித்தியாலத்தில் ஏறிவிடலாம்.

இரண்டாவது இரத்தினபுரி வழி. இதுவே பழைய இராசபாட்டை. இரத்தினபுரியிலிருந்து விசயபாகு தானஞ் செய்த அதே கிலிமலையைக் கடந்து பலாபத்தல வரை வாகனத்திற் சென்று, பின் அடர்ந்த மழைக்காட்டினூடே நடக்க வேண்டும். அட்டன் வழியினும் இருமடங்குக்கு மேல் நீளம், ஏற்றமும் அதிகம். யாத்திரைப் பருவம் முடிந்ததும் சமன் தெய்வத்தின் திருவுருவம் பெல்மதுளைக் கல்பொத்தாவெல விகாரைக்கு எடுத்துச் செல்லப்படும். மறுபருவம் தொடங்கும்போது ஊர்வலமாய் மலைக்கு மீளும்.

மூன்றாவது குருவிட்ட எரத்ன வழி. இது ஆறுகளையும் அருவிகளையும் ஒட்டிச் சென்று, ஹெரமிட்டிப்பான என்னுமிடத்தில் இரத்தினபுரி வழியோடு சேர்கின்றது. காட்டழகு விரும்புவோர்க்கு உகந்தது. ஆனால் துணையின்றிச் செல்லத்தக்கதன்று.

யாத்திரிகர் பெரும்பாலும் நள்ளிரவை அண்டி ஏறத் தொடங்கி, விடியுமுன் உச்சியை அடைவர். இதிலும் அறிவு உண்டு. பகல் வெயில் இல்லை. பங்குனி சித்திரையில் பிற்பகலிற் பெய்யும் இடிமழைக்கும் தப்பலாம். சூரியன் எழுந்தவுடன் மலையின் நிழல் மேற்குத் திசையிலே பனிமூட்டத்தின் மேல் முக்கோணமாய் விழும். மலை கூம்பாயிருப்பதாற்றான் நிழலும் அவ்வாறு விழுகின்றது என்று பலர் எண்ணுவர். மிக நீண்டு செல்லும் எந்நிழலும், புகையிரதத் தண்டவாளங்கள் தூரத்தில் ஒன்றுசேர்வதுபோலக் கண்ணுக்குக் கூர்ந்து தோன்றும் என்பதே அதன் விளக்கம். உச்சியிலே ஒரு மணி உண்டு. எத்தனை முறை மலையேறினாரோ அத்தனை முறை அதனை அடிப்பது வழக்கம். எழுபது வயது மூதாட்டியொருவர் பல முறை அடிக்க, இருபது வயது இளைஞன் ஒரு முறை அடித்து நாணி நிற்கும் காட்சி அங்கே அரிதன்று.

நாம் செய்யத்தக்கன

நமது பகுதி யாத்திரை அறியாத பகுதியன்று. சின்னக் கதிர்காமம் எனப்படும் மண்டூர் நமக்கு அண்மையில் உள்ளது. திருக்கோவில், பொத்துவில், உகந்தை, குமுக்கன் என நடந்து கதிர்காமம் சேரும் பாதயாத்திரை நம் முன்னோர் விட்டுச் சென்ற பெருஞ் செல்வம். ‘கதிர்காமம் இருக்கச் சிவனொளிபாதம் எதற்கு?’ என்று பெரியோர் சிலர் கேட்கக்கூடும். கதிர்காமம் கானகத்தின் வழியே நம்மை நடத்துகின்றது. சிவனொளிபாதம் மலையின் வழியே நடத்துகின்றது. ஒன்றை மற்றொன்று மறுக்கவில்லை. இரண்டு தலங்களிலும் பிற சமயத்தார் நம் அருகே நின்று வணங்குவதும் ஒற்றுமையே.

மலையின் காடு 1940இல் சரணாலயமாக்கப்பட்டது; 2010இல் மத்திய மலைநாட்டின் ஏனைய பகுதிகளோடு சேர்த்து உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டது. வேறெங்குமில்லாத செடிகொடிகளும் தவளைகளும் பறவைகளும் அங்கே வாழ்கின்றன. அக்காட்டிலே யாத்திரிகர் எறியும் பிளாஸ்டிக் போத்தலும் பொலித்தீனும் ஓடைகளில் இறங்கி, மூன்று ஆறுகளிலும் சேர்கின்றன. தேவப்பதிராசர் பாலம் கட்டினார்; நம்மாற் பாலம் கட்ட இயலாவிடினும், கொண்டுபோன போத்தலைத் திரும்பக் கொண்டுவர இயலும்.

எமது மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கின்றேன். வருகின்ற மாசி மாதத்திலே, கல்முனைப் பக்கத்து மாரி ஓய்ந்து வயல் வேலையும் சற்றே தணியும் நாட்களில், நம் இளைஞர் ஒரு குழுவாய் இம்மலைக்குச் செல்லல் வேண்டும். பெரியோர் அட்டன் வழியே ஆறுதலாக ஏறட்டும். உடல்வலி உடையோர் பலாபத்தல வழியை முயலட்டும். சாய்ந்தமருது, மருதமுனை, நற்பிட்டிமுனை ஊர்களிலுள்ள நமது முஸ்லிம் தோழருக்கும் அழைப்பு அனுப்புதல் நன்று. அவர்கள் பாவா ஆதத்தை நினைத்து ஏறுவர். நாம் பரமசிவனை நினைத்து ஏறுவோம். கால் நோவும் மூச்சு வாங்கலும் இருவர்க்கும் ஒன்றே. 1344இல் ஓர் ஆரியச்சக்கரவர்த்தி ஒரு முஸ்லிம் விருந்தினருக்கு யோகியரைத் துணையாக அனுப்பினான். அம்மரபின் பிள்ளைகளாகிய நாம் அதனைவிடக் குறைவாகச் செய்தல் தகுமா?

இளைஞர்காள்! ஊரிலே எல்லைக்கும் வீதிக்கும் வாய்ச்சண்டை வரும் நாட்களில், அம்மலையின் படிகளை நினைவிற் கொள்ளுங்கள். அப்படிகளைக் கட்டியவர் பல இனத்தவர்; மிதித்துத் தேய்த்தவர் பல சமயத்தவர். அவ்வழியிலே நாமும் ஒருமுறை நடந்து, நமக்குப் பின்வருவோர்க்கு அதனைத் தூய்மையாய் விட்டுச் செல்வோமாக.